அண்ணன் அள்ளிக் குடித்த தண்ணீர்

கோமதியம்மாள் துணை

சங்கரன்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வேல்ராஜுக்கு, உன் கோமதிசங்கர் எழுதுவது. நீயும் இசக்கிசெல்வியும் பிள்ளைகளும் மஸ்கட்டில் சுகமாக இருக்க அம்மாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் வீட்டில் எல்லோரும் நலம்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தான் என்று நினைப்பாய். நான் கூப்பிடும்போதெல்லாம் நீ டூட்டியில் இருக்கிறாய். வாய்ஸ் மெசேஜில் பேசிப் பார்த்தேன். பாதிவரை பேசிவிட்டு அழித்துவிட்டேன். கடையநல்லூர்க்காரர் ஒருவர் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஊரில் மழை இல்லை. கிணறெல்லாம் வற்றி, வெறும் மோட்டாரை ஓடவிட்டுக் உள்ளே சுற்றிய காயில் கம்பியைக் கருக்கிக்கொண்டு வருகிறார்கள். அதனால் என் வைண்டிங் கடையில் மட்டும் வேலை குறையவில்லை. பூ மார்க்கெட்டில் உங்கள் கடையை இப்போது சுமதி மதினிதான் பார்க்கிறார். விடிவதற்கு முன்னே போய் மல்லிகைப்பூவுக்கு ஏலம் கேட்கிறார். டயாலிசிஸ் நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு அண்ணனோடு திருநெல்வேலிக்கு ஓடுகிறார். மதினி சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

இந்த வருஷமும் வடக்கே போனோம் வேல்ராஜ். ஆடித்தபசு முடிந்ததும் மேட்டூருக்குத் தூண்டில் போடப் போவதை நாம் ஒரு வருஷமும் விட்டதில்லையே. நீ மஸ்கட்டுக்குப் போன பிறகு உன் அண்ணன், தங்கப்பழம், நான் என்று மூன்று பேராகத்தான் போய்வருகிறோம். இந்தத் தடவை வேண்டாம் என்று நானும் தங்கப்பழமும் பேசி வைத்திருந்தோம். மூக்காண்டி அண்ணன் விடவில்லை. “ஆஸ்பத்திரிக் கட்டிலையும் அந்த மெஷினையும் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சுலே. ஒரு நா அணைத் தண்ணியப் பார்த்துட்டு வாரேன்” என்றார். அதற்குமேல் எப்படி மறுப்பது? மதினி அழுதார், சண்டை போட்டார், கடைசியில் அண்ணன் நெற்றியில் கோயில் புற்றுமண்ணைப் பூசி அனுப்பிவைத்தார். போன வாரம் வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் தங்கப்பழத்தின் வண்டியில் கிளம்பினோம்.

அண்ணனுக்குச் சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டது. உனக்குத் தெரியுமோ என்னவோ. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குமேல் தண்ணீர் கூடாது. மதினி ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி என்னிடம்தான் கொடுத்தார். திண்டுக்கல் தாண்டுவதற்குள் அது காலி. அதற்குப் பிறகு உதட்டை நனைக்கக் கைக்குட்டையை ஈரமாக்கிக் கொடுத்துக்கொண்டே போனேன்.

பண்ணவாடிப் பக்கம் நாம் வழக்கமாக இறங்கும் இடத்தில்தான் இறங்கினோம். அணை நிறைந்து கிடந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். அண்ணன் வீங்கின காலோடு கரையில் உட்கார்ந்தார். அவரே கோதுமை மாவை உருட்டி முள்ளில் வைத்தார். டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், அந்தக் கையில் பாரம் கூடாது. அதை மார்போடு வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வீசினார். கொஞ்ச நேரத்தில் தக்கை முங்கியது. பெரிய கட்லா. கம்பு வில்லாக வளைந்தது. நான் வாங்கட்டுமா என்றதற்கு, “தொடாதலே, இது என் மீனு” என்று கத்தினார். கம்பை விலாவில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, மீனைக் களைக்கவிட்டு மெல்லமெல்லக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். தங்கப்பழம் வலையால் ஏந்தினான். அண்ணன் மண்ணில் சாய்ந்து சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். நோய் வந்தபிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. எழுந்து தண்ணீருக்குள் இறங்கினார். முகம் கழுவப் போகிறார் என்றுதான் நினைத்தோம். குனிந்து, கையால் அள்ளிக் குடிக்க ஆரம்பித்தார். ஒரு வாய், இன்னொரு வாய். நிறுத்தவே இல்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பிடித்தது அந்த இடது கை. தோலுக்கு அடியில் மோட்டார் ஓடுகிற மாதிரி ரத்தம் அதிர்ந்துகொண்டிருந்தது. இறுக்கினால் அந்த ஓட்டம் நின்றுவிடுமோ என்று பயந்து, சட்டென்று விட்டுவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “நான் என்ன கள்ளா குடிக்கேன்? தண்ணிதானலே குடிக்கேன்” என்றார். தங்கப்பழம் கரையிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவர் குடித்து முடிக்கும்வரை இடுப்பளவு தண்ணீரில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பொழுது சாய்வதற்குள் மூச்சுத்திணறல் வந்துவிட்டது. படுக்க முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே வந்தார். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவசரமாக மெஷினில் போட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வண்டியிலேயே கெட்டுப்போனது. தங்கப்பழம் அதை வழியில் எங்கேயோ புதைத்துவிட்டு வந்தான்.

அங்கிருந்த டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். இதயம் பலவீனமாகிவிட்டதாம். மெஷினை மட்டும் நம்பி அதிக நாள் தள்ள முடியாது என்றார். கிட்னி மாற்றுவதற்கு அரசாங்கத்தில் பதிவு செய்திருக்கிறோம், எப்போது முறை வரும் என்று யாருக்கும் தெரியவில்லை என்றோம். மதினியுடையது பொருந்தவில்லை, உங்கள் கூடப்பிறந்த மாரிசெல்வி அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்றும் சொன்னோம். நான் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். சொந்தம் அல்லாதவர்கள் கொடுப்பது லேசில் ஆகாது, அதுவும் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிற நீங்கள் கொடுக்கவே கூடாது என்றுவிட்டார். கூடப்பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லையா என்று கேட்டார். தங்கப்பழம் என் முகத்தைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “வேல்ராஜுகிட்ட இதையெல்லாம் சொல்லிராதலே. அவன் சின்னப் புள்ளைகள வச்சிருக்கான். வெயில்ல நின்னு வேலை பாக்கான். அவனைப் போட்டுப் படுத்தாதீங்க.” நான் சரியென்று தலையாட்டினேன். அவர் பேச்சைத் தட்டி எழுதுவது இதுதான் முதல் தடவை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் தம்பியைப் பற்றிக் கேட்டார்கள் என்று மதினி உன்னிடம் சொன்ன நாளிலிருந்து உன் போன் குறைந்துபோனது எனக்குத் தெரியும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் பிள்ளைகள் முகம்தான் முதலில் வந்து நிற்கும். மதினியும் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. அண்ணன் இன்றைக்கும் போன் மணி அடித்தால், “மஸ்கட்டா பாரு” என்கிறார். ‘இல்லை’ என்று சொல்லிச் சொல்லி எங்களுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வேல்ராஜ், நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. லீவு கிடைக்குமா பார். ஒரு பத்து நாள் வந்து அண்ணன் பக்கத்தில் இரு. மெஷினில் படுத்திருக்கும்போது அந்த அதிர்கிற கையை ஒரு தடவை தொட்டுப் பார். அதற்குமேல் உன் மனசு என்ன சொல்கிறதோ அதைச் செய். ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போனாலும், உன்னை விமானம் ஏற்றிவிட நான் கூட வருவேன்.

அம்மாள் உன்னையும் உன் பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். சீக்கிரம் வாலே.

உன்
கோமதிசங்கர்