கீழே நிற்கிறவரின் கை

மார்ச் 3, திங்கள்
சிமென்ட் மூட்டைகளைக் கொத்தனாரின் சாப்பாட்டு டப்பா மேல் இறக்கிவிட்டேன். டப்பா தகடாகிவிட்டது. கொத்தனார் பட்டினி. கிரேன் ஓட்டுவது நான். கீழே நின்று சைகை காட்டுவது என் வீட்டுக்காரர். அவர் காட்டின இடத்தில்தான் இறக்கினேன். இன்ஜினியர் சத்தம் போட்டதும் மனுஷன் என்ன சொன்னார்? "அவளுக்கு எப்பவும் அவசரம்தான் சார்." அத்தனை பேர் முன்னால்!

வீட்டுக்கு வந்து நானும் சும்மா இருக்கவில்லை. "கீழ நின்னு கையை ஆட்டறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவர் மட்டும் – சரி, போகட்டும்.

மார்ச் 4, செவ்வாய்
பேச்சு வார்த்தை இல்லை. வேலையில் அதனால் ஒரு குறையும் வரவில்லை. அந்த இரைச்சலில் நாங்கள் என்றைக்குப் பேசினோம்? அவர் சுட்டுவிரல் வானத்தைப் பார்த்துச் சுற்றினால் தூக்கு, தரையைப் பார்த்துச் சுற்றினால் இறக்கு. நாள் முழுக்க எல்லாம் ஒழுங்காக நடந்தது.

வீட்டில்தான் கூத்து. அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய பாத்திரத்தை எடுக்கிறேன். பக்கத்தில் நின்று, 'மெதுவாக இறக்கு' என்று கை காட்டுகிறார்! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு பாத்திரத்தை டங்கென்று வைத்தேன்.

மார்ச் 6, வியாழன்
எங்கள் வாயாடி மகள்தான் தூது. "அப்பா, இன்னும் சோறு வேணுமான்னு அம்மா கேக்கறாங்க." அவர் கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். நிறுத்து என்று அர்த்தம். "அம்மா, நிறுத்தணுமாம்" என்று எனக்கு விளக்கம் வேறு. நான் என்ன அடுத்த தெருவிலா இருக்கிறேன்? அவருக்கு எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறேன்!

மார்ச் 7, வெள்ளி
நாமே இறங்கிப் போவோம் என்று முடிவெடுத்தேன். காலையில் கிரேன் கூண்டில் உட்கார்ந்ததும் கீழே அவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினேன். நெஞ்சுக்கு நேராக, நன்றாகத் தெரியும்படி. என் ஆயுசில் யாரிடமும் இப்படி மன்னிப்புக் கேட்டதில்லை.

அவர் விரலை வானத்தைப் பார்த்துச் சுற்றினார். தூக்கு!

கிண்டலா? என்ன திமிர்! நான் கையைக் கூப்பினால் கம்பியைத் தூக்கச் சொல்கிறாரே! தூக்கினேன். வேறென்ன செய்ய?

மார்ச் 8, சனி
மகள் வந்து நின்றாள். "நேத்து காலைல எதுக்குக் கை தட்டினீங்கன்னு அப்பா கேக்கச் சொன்னாரு. சீக்கிரம் ஆகட்டும்னு விரட்டினீங்களாமே?"

கை தட்டினேனா? நானா?

அப்புறம்தான் உறைத்தது. கூப்பின கை அவர் கண்ணுக்குத் தட்டுகிற கையாகத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அந்தச் சாப்பாட்டு டப்பா? அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்தான் கை காட்டியிருக்கிறார். அந்தக் கண்ணை நம்பித்தானே இத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் இரும்பைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

மகளை விட்டுவிட்டு நேராக அவரிடமே கேட்டேன். "உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலையா?"

"கொஞ்ச நாளா தூரத்துல மங்கலா இருக்கு. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும், பேசாம இரு."

பேசாமல்தானே இருக்கிறேன் இத்தனை நாளும்!

மார்ச் 10, திங்கள்
இன்று ஏணியில் கால் வைக்கவில்லை.

"என் மானத்தை வாங்காதே, மேல ஏறு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாட்டேன். கீழ நீங்களும்தான் நிக்கறீங்க. உங்க மேலயே இறக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?" அழுதுவிட்டேன், கொத்தனார் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை.

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். பிறகு தானே இன்ஜினியரிடம் போய்ச் சொன்னார். "டாக்டர் சரின்னு சொன்னா உன் இடம் உனக்குத்தான்" என்றாராம் இன்ஜினியர். டாக்டர் என்ன சொல்வாரோ? என் வீட்டுக்காரருக்கு இந்த வேலை இல்லாவிட்டால் கை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மார்ச் 11, செவ்வாய்
அவருக்குப் பதிலாக வந்திருக்கிற புது ஆள் சைகை எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறார். ஆனால் ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி உடம்பு மொத்தமும் ஆடுகிறது. எனக்குக் கண்ணைக் கட்டுகிறது. 'கையை ஆட்டறதெல்லாம் ஒரு வேலையா' என்று கேட்ட வாய்க்கு நன்றாக வேண்டும்.

மார்ச் 12, புதன்
கண்ணாடி போட்டால் போதுமாம்! அப்பாடா.

மார்ச் 14, வெள்ளி
இன்று மறுபடி அவர்தான் கீழே. கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, அதற்குமேல் தலைக்கவசம். அவர் விரல் சுற்றினதும் எனக்குத் தோள் தளர்ந்து லேசாகிவிட்டது. வேலை மளமளவென்று ஓடியது.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது என் பக்கம் திரும்பினார்.

"நீ மேல தனியா உக்காந்து பேசிக்கிட்டே இருப்பியா?"

"ஆமா."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டத்தான். வேற யாரு இருக்கா?"

"என்ன பேசுவே?"

"பேசறது என்ன? திட்டுவேன். காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும்."

கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"திட்டறப்போ எதுக்குச் சிரிக்கறே?"