பெயர் சூட்டும் நேரத்துக்குள் முடித்த ஒட்டு

அன்ரி,

இன்று காலை எங்கள் மாடி லிப்ற் வாசலில் யாரோ வெல்டிங் செய்தார்கள். சுட்ட இரும்பின் மணம் நடைவழி முழுக்க நின்றது. உங்கள் கதவைப் பார்த்தேன். நீங்கள் கண்மூடி மூன்று மாதம். உள்ளே வேறு குடும்பம் இருக்கிறது.

எங்கள் ஆட்களின் வழக்கப்படி அன்ரி என்று கூப்பிட்டதற்கு, "நான் எப்போது உன் அம்மாவின் தங்கையானேன்?" என்று கேட்ட வெள்ளைக்கார மனுசி நீங்கள். லொறிக்குப் பின்னால் கொழுவும் ட்ரெயிலர் செய்யும் இடத்தில் நான் வெல்டர் என்றதும் கூப்பிட்டுத் தேநீர் தந்தீர்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, இங்கே கனடாவின் வன்கூவர் கப்பல் தளத்தில் நீங்களும் வெல்டராம். சரக்குக் கப்பலின் அடித்தொட்டிக்குள் தவழ்ந்து போக மெலிந்த பெண்கள்தான் தோதாம். கட்டிய கப்பலுக்கெல்லாம் ஏதாவது ஒரு பூங்காவின் பெயராம். எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

ஒரு கப்பலுக்குப் பெயர் சூட்டும் நாள். கப்பலின் மூக்கில் போத்தல் உடைத்துப் பெயர் சொல்லும் சீமாட்டி மேடைக்கு வந்தாயிற்று, வாத்தியமும் தொடங்கிவிட்டது, நீங்களோ இன்னும் தொட்டிக்குள். மேற்பார்வையாளர் தகட்டில் தட்டித் தட்டி அவசரப்படுத்தினார். கடைசி வெல்டிங் ஒட்டை அரைகுறையாக இழுத்து, மேலே பெயின்ற் பூசிவிட்டு வந்து கைதட்டினீர்கள். அடுத்த பனிக்காலத்தில் அந்தக் கப்பல் அத்திலாந்திக்கில் ஆட்களோடு தாழ்ந்தது. எதிரி நீர்மூழ்கியின் வேலை என்றார்கள்.

"நான் இன்னும் அந்தத் தொட்டிக்குள்தான் இருக்கிறேன்" என்றீர்கள். உங்கள் பிழையாக இராது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டீர்கள்.

அடுத்த மாதமே எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தது, அன்ரி. ஒரு ட்ரெயிலரின் சில்லு அச்சைத் தாங்கும் இடத்தில் என் ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை. அதை வாங்கியவன் எடுத்துப்போக வாசலில் நிற்கிறான். வேலை எடுத்துத் தந்த எங்கள் ஊர் அண்ணைதான் வேலையை மேற்பார்க்கும் போர்மன். குனிந்து பார்த்தார்.

"உந்த ஒட்டை வெட்டித் திருப்பி ஒட்ட நேரமில்லை, தம்பி. பெயின்ற் அடிச்சா ஆருக்குத் தெரியும்? மனிசியை ஊரிலையிருந்து கூப்பிட என்னட்டை வேலைக் கடிதம் வேணுமெண்டெல்லோ நிக்கிறாய்."

ஓம் அண்ணை என்றேன். உங்கள் கதையைக் கேட்டிருந்தும், வெட்கங்கெட்டவன், பூசினேன். அதன்பிறகு உங்கள் கதவைத் தட்டவில்லை. லிப்றில் கண்டால் தலையாட்டியதோடு சரி.

இரண்டு வருடத்தில் மனைவி வந்துசேர்ந்தாள். நெடுஞ்சாலையில் முன்னால் ட்ரெயிலர் போனால் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. முந்தவும் பயம், பின்னால் போகவும் பயம். "ஏனப்பா உதுக்குப் பின்னால இழுபடுறியள்?" என்று கேட்கிறாள். சொன்னால், உங்கடை பிழையில்லை என்பாள். ஊரில் யாரிடம் சொன்னாலும் அதைத்தான் சொல்வார்கள். அப்படிச் சொல்லியிராத ஒரே ஆள் நீங்கள், இரண்டு வருடம் பக்கத்துக் கதவில் இருந்தீர்கள், அன்ரி. நான் தட்டவில்லை.