டீசல் நின்றால் அப்பா வருவார்

பெப்ரவரி 8, 2026
சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: இன்று காலை ஹனோவர் மாநகரில், சாருஜனாகிய எனது மேலுதட்டில் மூன்றாவது மீசைமுடி உதயமானது. ஆகவே அப்பா திரும்பும்வரை வீட்டுக்குத் தலைவன் நானே.

அப்பா மாலைதீவில். ஓடிச் சுற்றினால் மூச்சு வாங்குமுன் முடிந்துவிடும் ஒரு குட்டித் தீவில், கூரை கூரையாகச் சூரியத் தகடு பூட்டுகிறார். தீவுக்கு மின்சாரம் தரும் டீசல் எஞ்சின் ஓடாமல், பகலில் மின்கலத்தில் சேர்த்த மின்சாரத்திலேயே இரவுகள் கழிந்தால் வேலை முடிந்தது. மார்ச் 4 அம்மாவுக்கு வயிற்றில் கட்டி எடுக்கிறார்கள். அதற்குமுன் வந்துவிடுவார்.

பெப்ரவரி 15
நேற்றிரவு டீசல் ஓடவேயில்லையாம். அம்மா பாயாசம் காய்ச்சினார். நான் அப்பாவின் வீட்டுச் செருப்பை உறைபெட்டிக்குள் வைத்தேன். மனிதர் குளிரை மறந்திருப்பார், பாவம்.

பெப்ரவரி 20
அப்பாவின் தீவில் ரமழான் நோன்பு தொடங்கிவிட்டது. விடியுமுன் சாப்பிட ஊரே எழும்புகிறது. வீட்டுக்கு வீடு விளக்கு, அடுப்பு, மின்விசிறி. மின்கலம் பாதி இரவிலேயே கைவிரித்துவிட்டது. திரும்பவும் டீசல். ஊரின் மின்சாரப் பாவனையை அளந்தது ஒக்டோபரில் — நோன்பு ஒருவருக்கும் நினைவு வரவில்லை, அப்பாவுக்கும்தான். இது மின்கலம் இல்லை, மின்கலகம்.

மேலதிக மின்கலங்கள் கப்பலில் வர மார்ச் கடைசியாகுமாம். அதுவரை இரவில் மின்கலம் தீரும் நேரம் பார்த்து டீசலுக்கு மாற்றத் தெரிந்தவர் அங்கே அப்பா ஒருவர்தான்.

வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவனே நோன்பு பிடிக்கிறான். என்னிடமாவது கேட்டிருக்கலாமே?

பெப்ரவரி 22
எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரவா என்று அப்பா கேட்டார். அம்மா மறித்துவிட்டார். "தொடங்கினதை முடிச்சிட்டு வாங்கோ. மகன் நிக்கிறான்தானே."

நானும் போனைப் பறித்துப் பெருமை அளந்தேன்: டாக்டரின் ஜெர்மனை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல நான் போதும், நீங்கள் வந்தாலும் ஒன்றும் விளங்காமல் முழுசிக்கொண்டுதான் நிற்பீர்கள் என்று. அப்பா சிரிக்கவில்லை.

மார்ச் 4
அம்மாவைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோய்க் கன நேரமாகிறது. சிரிக்க ஒரு பகிடியும் வரவில்லை.

மார்ச் 5
டாக்டர் வந்தார். பரவியிருக்கிறது, முழுதும் எடுக்க முடியவில்லை என்றார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அம்மா என்னையே பார்த்தார். வாயைத் திறந்தேன் — ஒரு தமிழ்ச் சொல்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

அம்மா ஊசி குத்தியிருந்த கையால் என் முகத்தைத் துடைத்தார். "எனக்கு விளங்கினது, ராசா. இத்தனை வருஷம் சாப்பாட்டுக் கடையில ஜெர்மன்காரருக்குத்தானே சமைக்கிறன்."

வெளியே போய் அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"இரவிரவா டீசலே ஓடட்டும், அப்பா. வாங்கோ. நான் சும்மா சொன்னனான். எனக்கு ஏலாது."