சீத்தைச் சட்டையின் விலாத்தையல்

இன்று காலை கெலிஓயாவிலிருந்து ஒரு பெண் தன் கல்யாணத்துக்கு, உடம்பை ஒட்டித் தைக்கும் கோர்செட் சட்டைக்குத் துணி கொண்டுவந்தாள். துணி முழுக்கப் பெரிய பெரிய தாமரைகள். அயன் பெட்டியை வைத்ததும் புதுத்துணியின் கஞ்சி வாசனை எழுந்தது. அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உன்னோடு பேச ஆரம்பித்தேன்.

கார்மெண்ட் தொழிற்சாலையில் நான் சட்டைக் கைகளை மட்டும் தைத்தேன், நீ காலர்களை மட்டும். முழுச் சட்டை ஒன்றை அங்கே நாம் தைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், அம்பிட்டியவில் உன் வீட்டு மேசையில்தான், ஒரு மணப்பெண்ணுக்காக, முதல் கோர்செட்டை வெட்டினோம். துணியை இரண்டாக மடிக்கப்போன என் கையைப் பிடித்தாய்.

"மடிக்காத. ஒவ்வொரு துண்டா வெட்டுவோம். வெட்டுன ஓரத்துல இல்ல, தையல் விழுற கோட்டுல பூ சேரணும்."

அப்படியும் மார்பு வளைவில் பூக்கள் விலகின. எனக்கு அழுகை வந்தது. நீ சிரித்தாய்.

"அங்க எப்படியும் விலகும். இடுப்புல சேர்ந்தா போதும்டி."

அந்த மணப்பெண் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அதைக் கண்ட பிறகுதான் நமக்குத் துணிச்சல் வந்தது. இருவரும் வேலையை விட்டு, கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்து, நம் இரண்டு பெயர்களையும் எழுதிப் பலகை மாட்டினோம்.

பலகை மாட்டிய அந்த வாரம் மழை விடவே இல்லை. அறைக்கு வந்து தங்கு என்று போனில் கெஞ்சினேன். "அம்மாவ தனியா விட்டுட்டு எப்படி வர்றது?" என்றாய். அன்று பின்னேரமே உன் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்தது.

பிணவறைக்குள் வர முடியாமல் உன் அண்ணன் வாசலிலேயே குந்திவிட்டார். நான் போனேன். முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. சட்டையின் விலாப்பக்கத்தில் சேற்றைத் துடைத்தேன். வீட்டில் போடும் மலிவான, பூங்கொடி அச்சிட்ட சீத்தைத் துணிதான். ஆனால் முன்பக்கத்துக் கொடி முறியாமல் தையலைத் தாண்டிப் பின்பக்கம் போயிருந்தது. வீட்டுச் சட்டைக்கு வேறு யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்?

"ஆமாங்க, இவதான்" என்றேன். உன் அம்மாவை மறுநாள்தான் மண்ணிலிருந்து எடுத்தார்கள்.

அறையை நான் விடவில்லை. பலகையையும் மாற்றவில்லை. துணியை விரித்ததும் வெட்டுவதில்லை. பூக்கள் எங்கே சேர வேண்டும் என்று உன்னோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுக்கிறேன். இன்றைக்குச் சத்தமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது.

"யாரோட அக்கா பேசுறீங்க?" என்றாள் துணி கொண்டுவந்த பெண்.

"கூட்டாளியோட."

நீ வருவாய் என்று அவள் உள்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.