ஷெரீஃப் வசூலித்துத் தரும் காணிக்கை

வர்ஜீனியா, 1786 பிப்ரவரி

அன்பு மகன் எல்கானாவுக்கு அம்மா கெசியா எழுதுவது. கர்த்தர் தயவால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், மலைக்கு அந்தப்பக்கம் நீயும் மருமகளும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் தொடுகிறேன். முதலில் நல்ல சேதி எல்லாம் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா லெட்டிஸின் மூத்தவன் ஓபேத் வேதாகமத்துச் சங்கீதங்களில் எந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாலும் தடுமாறாமல் படிக்கிறான், சபையில் அவன் எழுந்தால் கிழவர்கள்கூட இருமலை அடக்கிக்கொள்கிறார்கள். அவன் தங்கை ஜெமைமா நூற்ற நூலைப் பார்த்த நெசவுக்காரர் இது உன் பாட்டி நூற்றதா என்று கேட்டார், நான் இல்லை, அவள்தான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. உன் தம்பி மகன் சைலஸை நில அளவைக்காரர் சங்கிலி பிடிக்கச் சேர்த்துக்கொண்டார், சதுப்பில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றும் சங்கிலியைக் கைவிடவில்லையாம். லெட்டிஸின் கைக்குழந்தைக்கு இரண்டு பல் வந்துவிட்டது, அதையும் வெற்றிக் கணக்கில்தான் சேர்க்கிறேன், நீ சிரித்தாலும் பரவாயில்லை.

அந்த மத வரி என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்ல வேண்டுமானால் லெட்டிஸ் வீட்டுக் கூரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உன் மச்சான் அப்சலோம் நம் பாப்திஸ்து சபையில் போதகர் என்றுதான் பேர், வாரம் முழுக்க புகையிலைக் காட்டில் குனிந்து கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நிமிர்ந்து பிரசங்கம் செய்கிறார். சபையார் கொடுப்பது சோளமும் கம்பளி நூலும்தான். போன வசந்தத்தில் மழை பெய்தால் லெட்டிஸ் குழந்தைகளைக் கட்டிலோடு மூலைக்கு மூலை நகர்த்துவாள். இந்த நேரத்தில்தான் ரிச்மண்ட் சட்டசபையில் அந்த மசோதா. கிறிஸ்தவ போதகர்களின் சம்பளத்துக்காக எல்லோரும் வரி கட்ட வேண்டும், தன் வரி எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்று அவரவரே சொல்லலாம், நம் சபைக்கும் பங்கு உண்டு. அதை எதிர்த்து நம் ஆட்கள் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். லெட்டிஸ் என்னிடம் வந்து, "அம்மா, ராஜா காலத்துல பாதிரியாருக்குன்னு நம்மகிட்ட புடுங்கினாங்க, இப்ப நமக்கே குடுக்கிறேன்னு சொல்றாங்க. வேண்டாம்னு சொல்ல என் புருஷன்தான் கிடைச்சாரா" என்று அழுதாள். நான் என்ன சொல்ல, எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். நம் மருமகப்பிள்ளையும் ராஜாவின் சபையில் இருந்த பழைய பாதிரியார் மாதிரி கறுப்பு அங்கி போட்டுச் சம்பளம் வாங்குவதை நினைத்துப் பார்த்தேன்.

அந்தப் பழைய பாதிரியாரே ஒருநாள் வந்தார். விட்டேக்கர் ஐயாதான், உன் அப்பா அனுமதிச் சீட்டு இல்லாமல் பிரசங்கம் செய்தாரென்று நீதிபதிகளிடம் சொல்லிச் சிறையில் போடவைத்தவர். புரட்சிக்குப் பிறகு அவருக்கு அரசாங்கச் சம்பளம் நின்றுவிட்டது, அங்கியின் முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. லெட்டிஸ் வீட்டில் நானும் உன் அப்பாவும் இருந்தோம். ஐயா ரொம்பப் பணிவாக, "அப்சலோம், பழசை மறந்துடுவோம். போதகனுக்குச் சோறு இல்லேன்னா இந்தப் புது நாட்டுல ஒழுக்கம் எப்படி நிக்கும்? அந்த மனுவுல கையெழுத்துப் போடாதீங்க" என்றார். சும்மா சொல்லக்கூடாது, அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. லெட்டிஸ் அவருக்கு ஆப்பிள் மது ஊற்றிக் கொடுத்து, புகை போட்ட பன்றிக்கறியில் பெரிய துண்டாக அறுத்து வைத்தாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள், "ஊசி நூல் விக்க வருவாரே மோர்தெகாய், அந்த யூதர் என்ன பண்ணுவார் ஐயா?" அவர் கட்டுவது பள்ளிக்கூடத்துக்குப் போகும் என்றார் ஐயா. சரி, யார் வசூல் பண்ணுவார் என்றாள். ஜில்லா அதிகாரி ஷெரீஃப்தான் என்றார். ஒருத்தர் உண்மையான போதகரா இல்லையா என்று தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்றாள். "வேற யாரு, நம்ம ஜில்லா கோர்ட்டுதான் தீர்க்கணும்" என்று சொல்லிவிட்டுக் கறியை வாயில் வைத்தார். உன் அப்பாவைச் சிறைக்கு அனுப்பியதும் அதே கோர்ட்டுதான். அவர் சிறையில் பிடித்த இருமலை ஒரு தடவை இருமினார், அவ்வளவுதான். லெட்டிஸ் கத்தியைக் கழுவ எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை.

சனிக்கிழமை சபைக் கூட்டம். மனு மேசையில் இருந்தது. அப்சலோம்தான் அதைப் படித்து, தன் எண்ணத்தைச் சொல்லி, முதல் கையெழுத்துப் போட வேண்டும். எழுந்து நின்றார், வாய் திறக்கவில்லை. அவர் மனசு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும், ஆனால் பெண்டாட்டி பிள்ளைகளை நனையவிட்டுவிட்டு அதை எப்படிச் சொல்வது. முன் வரிசையில் ஒருவர், "சகோதரரே, பேனாவுல மை காஞ்சிடப் போகுது" என்று முணுமுணுத்தார். உனக்கு நினைவிருக்கும், அப்பா சிறையில் இருந்தபோது அவர் முகத்தை நாம் பார்க்கக் கூடாதென்று மதிலை உயர்த்திக் கட்டினார்களே. வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரியக் கம்பில் கைக்குட்டையைக் கட்டி மதிலுக்கு மேலே தூக்குவோம், அதைப் பார்த்ததும் உள்ளேயிருந்து பிரசங்கம் ஆரம்பமாகும். கம்பைப் பிடித்தவள் உன் அக்கா லெட்டிஸ்தான். இன்றைக்கும் நம் சபையில் போதகர் தொடங்கலாம் என்றால் யாராவது ஒரு பெண் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டுவதுதான் வழக்கம். அன்றைக்கு யாரும் தூக்கவில்லை. அப்போது பெண்கள் பக்கத்தில் லெட்டிஸ் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள், தலையில் கட்டியிருந்த துணியையே அவிழ்த்துக் கை எட்டும் மட்டும் உயரத் தூக்கினாள். அப்சலோம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேசினார் பார், மகனே, அப்படி ஒரு பேச்சை அவரிடம் நான் கேட்டதில்லை. கர்த்தருக்கு ஷெரீஃப் வேண்டியதில்லை, நம்மைச் சிறையில் போட்ட கையில் இன்று அப்பம் வாங்கினால் நாளைக்கு அந்தக் கை யாரைச் சிறையில் போடும் என்று நாம் கேட்க முடியாது என்றார். கையெழுத்துப் போட்டார். உன் அப்பாவும் போட்டார், கோணல் எழுத்துதான் என்றாலும் அழுத்திப் போட்டார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, பெரிய பண்ணையில் அடிமையாய் இருக்கும் நம் சபைச் சகோதரி டைனா அப்சலோமிடம், "ஆத்துமாவுக்கு யாரும் எசமான் இல்லேன்னு நல்லா சொன்னீங்க சகோதரரே. அந்த ஆத்துமா குடியிருக்கிற உடம்புக்கு எப்ப மனு எழுதுவீங்க" என்று கேட்டாள். அவர் தலை குனிந்தார். அந்தக் கேள்வி எனக்குள் இன்னும் கிடக்கிறது, உன்னிடம் மறைக்க மனசில்லை.

நல்ல முடிவைக் கொண்டுவந்தவர் மோர்தெகாய்தான். ரிச்மண்டிலிருந்து பனியில் நனைந்து வந்தார், மூட்டையை இறக்குவதற்கு முன்னாலேயே சொன்னார், அந்த வரி செத்தே போயிற்று, அதற்குப் பதில் வேறு சட்டம் நிறைவேறியிருக்கிறது, யாரையும் எந்தக் கோயிலுக்கும் போகவோ கொடுக்கவோ கட்டாயப்படுத்தக் கூடாது, எவருடைய நம்பிக்கையும் அவருடைய உரிமையைக் குறைக்காது என்று. ஓபேத் அவர் கொண்டுவந்த செய்தித்தாளைப் படித்தான், மோர்தெகாய் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். "எனக்குமா, எனக்குமான்னு பார்க்கிறேன் தம்பி" என்றார். உன் அப்பா, "உமக்கும்தான், ஊசி விலையை மட்டும் குறைச்சுக்கொள்ளும்" என்றார்.

கூரையைச் சபையார் கூடிப் புதுப் பலகை அடித்துக் கொடுத்தார்கள், யாரும் கேட்கவில்லை, தாங்களாக வந்தார்கள். போன வாரம் உன் அப்பா ஒரு மூட்டை சோளத்தைக் குதிரையில் போட்டுக்கொண்டு கிளம்பினார், எங்கே என்றால் சொல்லவில்லை, நானும் கூடவே போனேன். விட்டேக்கர் ஐயா வீட்டு வாசலில் இறக்கினார். ஐயா முகம் சிவந்து, என்ன இது என்று கேட்டார். உன் அப்பா, "முன்னெல்லாம் உங்க பங்கை ஷெரீஃப் வந்து எடுத்துக்கிட்டுப் போவார் ஐயா, அதைவிட இது கொஞ்சம் கம்மிதான். ஆனா இது நான் குடுக்கிறது" என்றார். ஐயா மூட்டையின் ஒரு முனையைத் தானே பிடித்தார், இரண்டு கிழவர்களும் இருமிக்கொண்டே அதை உள்ளே கொண்டுபோனார்கள்.

அங்கே உங்கள் பக்கத்தில் புதிதாகச் சபை கட்டினால் இதை மறக்காதே, பலகை கேள், ஆள் கேள், அதிகாரியிடம் போய் நிற்காதே. ஆற்றங்கரையில் தனியாக வேட்டைக்குப் போகாதே. மருமகளை ஈரத் துணியோடு இருக்க விடாதே. கர்த்தர் உங்கள் வாசலைக் காப்பாராக, உங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளை நீங்கள் காண்பீர்களாக.

இந்தக் கடிதத்தை மோர்தெகாய் மலையடிவாரம் வரை கொண்டுபோய் அந்தப் பக்கம் வருகிறவர் கையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், பதிலையும் அந்த வழியே அனுப்பு. இங்கே ஓபேத்துக்கும் ஜெமைமாவுக்கும் கறுப்புக் காகிதத்தில் நிழலுருவம் வெட்டிச் சுவரில் மாட்டியிருக்கிறேன், பக்கத்தில் உன் பிள்ளைகளுக்கு இடம் விட்டிருக்கிறேன். நீ முன்பு வெட்டி அனுப்பிய நிழலுருவத்தில் சின்னவள் தொட்டில் குழந்தை, இப்போது ஓடுவாளே. மெழுகுவர்த்தி முன்னால் உட்காரவைத்துப் புதிதாக ஒன்று வெட்டி அனுப்பு, மூக்கு நம் வீட்டு மூக்கா என்று பார்க்க வேண்டும்.

உன் அம்மா,
கெசியா