எள்ளுருண்டையில் குத்திய ஊசி

என் மலர் அக்காவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம். அழுது முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இப்போது கோபம் வந்திருக்கிறது. போன கிழமை நாம் வேலை செய்த பேராசிரியரின் கட்டுரை சஞ்சிகையில் அச்சாகி வந்தது. எடுத்த எடுப்பில் உங்கள் பெயரைத்தான் தேடினேன். கடைசி வரியில் இருக்கிறீர்கள், பெயரில்லாமல்: "அட்டை துளைத்துத் தந்த இரண்டு பெண்களுக்கு நன்றி."

அட்டை துளைத்தவள் நான், அக்கா! கணினிக்கு அட்டை துளைக்கத்தான் எனக்குச் சம்பளம். கணக்குப் போட்டவர் நீங்களல்லவா? கொழும்பில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவரை இப்படியா ஒரு வரியில் கரைப்பது?

எனக்கே விளங்கிய கணக்கு அது. பொடியில் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் கிடக்கின்றன. அதற்குள் நேர்கோடு ஒன்று புகுந்து போனால், ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் எவ்வளவு நீளம் ஓடும்? ஆயிரமாயிரம் கோடுகள் போட்டு, எந்த நீளம் எத்தனை தரம் வருகிறது என்று எண்ண வேண்டும். பேராசிரியர் உருண்டைக்குள் ஒரு புள்ளியைப் பிடித்து, அதன் வழியே கோட்டை இழுக்கச் சொன்னார். பிழை என்றீர்கள். அவர் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஃபுட்ஸ்கிரே வீட்டுக் குசினியில் எள்ளுருண்டை பிடித்து, கொத்தாக ஒட்டி, பின்னல் ஊசியை என் கையில் தந்தீர்கள்.

"இஞ்சை பாரும் பத்மா, உள்ளுக்கை புள்ளி வைச்சுத் துவங்கினால் நீளக் கோடுதான் கூட அம்பிடும். அதிலைதானே புள்ளி விழ இடம் கூட? வெளியிலை இருந்து குத்தும், குட்டைக் கோடும் சரியா வரும்."

"அந்தாளுக்கு இதைக் காட்டுங்கோ அக்கா."

"ஓம், நாளைக்கே கொண்டு போறன்."

கொண்டு போனோம். போய் என்ன செய்தீர்கள்? பழக்கதோஷம்! ஆளைக் கண்டதும் தட்டை நீட்டிவிட்டீர்கள். ஊசியை எடுக்க முன்பே மனுசன் கொத்திலிருந்து மூன்றைப் பிய்த்து விழுங்கிவிட்டார். மிஞ்சியதில் குத்திக் காட்டினீர்கள். அவர் முகம் மாறியது. கணக்குத் தாள்களைக் கேட்டார். அதையும் அப்படியே நீட்டினீர்கள், ஒரு மூலையில்கூட உங்கள் பெயரை எழுதாமல். பக்கத்தில் நின்ற நான் ஏன் வாயைத் திறக்கவில்லை?

இப்போது கட்டுரை முழுக்க வெளியிலிருந்து போட்ட கோடுகள். நேற்று அவர் அறைக்கே போய்க் கேட்டேன். "அவர் தற்காலிக உதவியாளர்தானே. இறந்தவருக்குப் பெயர் எதற்கு?" என்றார். என்ன நெஞ்சழுத்தம்! உங்கள் மகள் வாணி அடுத்த வருடம் இதே பல்கலைக்கழகத்துக்கு வருகிறாள். அவள் நூலகத்தில் அந்தக் கட்டுரையைப் புரட்டினால் அம்மாவை எங்கே தேடுவாள்?

உங்கள் கணக்கைத் துளைத்த அட்டைக் கட்டு என் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. முதல் அட்டையில், நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், உங்கள் முழுப்பெயரைத் துளைத்திருந்தேன். அந்தப் பெயரோடு கணினி அச்சடித்துத் தந்த தாளைச் சேர்த்து இன்று அந்தச் சஞ்சிகைக்குக் கடிதம் போட்டுவிட்டேன்.

"உமக்கேன் இந்த வில்லங்கம்? வேலை போயிடும்" என்கிறார் என் வீட்டுக்காரர். போனால் போகட்டும்.

வருடம் முடிந்து உங்கள் ஆட்டைத் திவசம் வருவதற்குள் திருத்தம் வராவிட்டால், அவருடைய அடுத்த கருத்தரங்கில் எள்ளுருண்டைத் தட்டோடு எழும்புவேன். ஊசியைக் குத்தி, இது யாருடைய கணக்கு என்று சொல்லுவேன். பிறகு வந்திருப்பவர்கள் எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுப்பேன். அவருக்கு மட்டும் தட்டை நீட்ட மாட்டேன், அக்கா. இது சத்தியம்.

உங்களோடு கூடப் பிறக்காத தங்கை,
பத்மா