பென்டன் மாமியின் வீடு

ஜனவரி 7, 2025

பின் பெஞ்சிலிருந்து இன்றும் அதே குரல். "மிஸ், கேக்கல."

மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். அதுவும் கேட்கவில்லை போல. யாரும் நிறுத்தவில்லை.

பி.ஏ. ஆங்கிலம், இரண்டாம் ஆண்டு. இந்த செமஸ்டர் எனக்கு அமெரிக்க இலக்கியம். அதில் ஒரு பழைய நாவல். பனி பெய்யும் ஒரு சிற்றூர். மிஸ்டர் பென்டன் தீவனக் கடை வைத்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். பல வருடம் பொறுத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் மிசஸ் பென்டன் வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பனியில் இறங்கி நடந்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. பெண் விடுதலை. பெரிய கேள்வி நிச்சயம் இதில்தான் வரும்.

இதை நான் முன் பெஞ்சுக்கு மட்டும் நடத்தினேன்.

ஜனவரி 10

நாவல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். எல்லோரும் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்கள். எல்லாம் கைடு. நாவலைவிட மெலிசு, அட்டையில் மட்டும் பனி.

"நாவலையும் படிக்கணுமா மிஸ்?" என்று ஸ்டெபி கேட்டாள். பாளையங்கோட்டைப் பெண், முதல் பெஞ்சு, வகுப்பில் முதல் மார்க். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஜனவரி 15

பொங்கல் விடுமுறை. சிராஜுதீன் மாமா வந்திருந்தார். கடையநல்லூரில் ஒரு இடம். மாப்பிள்ளை கத்தாரில். சொந்த வீடு, மாடி வேறு எழும்புகிறதாம்.

வாப்பா என்னைப் பார்க்காமல் மாமாவிடம் சொன்னார்: "அவளுக்குக் காலேசுல ஒரு வருசத்துக்குத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க. ஏப்ரல்ல நீட்டுனா வேலைக்குப் போகட்டும். நீட்டலைன்னா இந்த இடத்தை முடிச்சிருவோம்."

உம்மா பீடி சுற்றும் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் பேசாமல் இருந்தால் எல்லோரும் சரி என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று தாசில்தார் முத்திரை வைத்துக் கொடுத்த சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது. எனக்குப் பிறகு என்ன என்று அதில் எழுதவில்லை.

ஜனவரி 22

ஒரு யோசனை. நான் பேசினால்தானே கேட்காது? அவர்களையே வாசிக்க வைத்தால்?

நூலகத்தில் ஒரே ஒரு பிரதி. வாங்கி வந்து கமர் நிஷாவிடம் கொடுத்தேன். காயல்பட்டினம். திருச்செந்தூர் ரயிலில் வருகிறவள். ரயில் தாமதம் என்றால் அவளும் தாமதம், ரயில் நேரத்துக்கு வந்தாலும் அவள் தாமதம். குரல் மட்டும் வராந்தா தாண்டிப் போகும். "மிஸ், கேக்கல" அவள்தான்.

வாசித்தாள். உச்சரிப்பு அவள் இஷ்டம். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. எனக்கும்.

ஜனவரி 30

இன்று கடைசி அத்தியாயம். மிசஸ் பென்டன் பனியில் இறங்கியாகிவிட்டது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

ஸ்டெபி எழுந்து, "ஷீ இஸ் எ சிம்பல் ஆஃப் ஃப்ரீடம்" என்றாள். கைடு, முப்பதாம் பக்கம்.

பொன்செல்வி கையைத் தூக்கினாள். ஸ்ரீவைகுண்டம். அப்பா அம்மா இரண்டு பேரும் வாழைத் தோட்டத்தில் கூலி. வருடம் தொடங்கியதிலிருந்து இன்றுதான் முதல் தடவை கை தூக்குகிறாள். நான் பயந்துவிட்டேன்.

"மிஸ், அந்த மாடு?"

"எந்த மாடு?"

"செனையா இருக்குன்னு முன்னால வந்துச்சே. இந்தம்மா பாட்டுக்குப் போயிட்டா. அந்தாளு அதுக்கிட்டக்கூட போகமாட்டாரு. பனியில மாட்டை யாரு பாப்பா?"

வகுப்பு சிரித்தது. பொன்செல்வி சிரிக்கவில்லை. அந்த மாட்டை நாவலும் மறந்துவிட்டது.

கமர் நிஷாவுக்கு வேறு கவலை. "பென்டன் மாமி ஏன் மிஸ் போனா?"

"அவர் பேசலை. அதனால."

"பேசாதவருதானே போகணும்? எங்க ஊர்ல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவாரு. வீடு பொண்ணுக்கு. சண்டை வந்தா அவரு உம்மா வீட்டுக்குப் போயிருவாரு. ரெண்டு நாள் கழிச்சுப் பழம் வாங்கிட்டு வருவாரு."

"ஏளா, அமெரிக்காவுல அப்படி இல்லைளா" என்றாள் ஸ்டெபி.

"நீ பாத்தியா?"

மணி அடித்தது.

பிப்ரவரி 12

உள்தேர்வுத் தாள்கள். கேள்வி: மிசஸ் பென்டன் வீட்டைவிட்டு வெளியேறுவதன் முக்கியத்துவம் யாது?

வகுப்பு முழுவதும் ஒரே பதில், ஒரே பிழைகள். "ஃப்ரீடம்" என்பதில் ஒரு எழுத்து எல்லோருக்கும் இல்லை. கைடிலும் இல்லை.

கமர் நிஷா மட்டும் வேறு. அவள் ஆங்கிலத்தை நான் தமிழில் எழுதுகிறேன்: "அவள் வெளியேறியது தவறு. வீடு அவளுடையது. அவளுடைய தகப்பனார் கட்டியது. இரண்டாம் அத்தியாயம் பார்க்கவும்."

ஊர் நினைப்பில் எழுதியிருக்கிறாள் என்று சிரித்தேன். பிறகு சும்மா என் பழைய பிரதியைப் புரட்டிப் பார்த்தேன்.

இருக்கிறது. இரண்டாம் அத்தியாயம், ஆப்பிள் மரங்களைப் பற்றிய பத்தி. தகப்பனார் இறந்தபோது வீடும் மரங்களும் மகளுக்கு வந்தன என்று அரை வரி. பென்டன் கல்யாணமாகி அங்கே வந்து சேர்ந்தவர். வீட்டோடு மாப்பிள்ளை.

எம்.ஏ.விலும் இந்த நாவலைப் படித்தேன். அந்த ஆப்பிள் மரங்கள் எனக்கு நினைவில் இருக்கின்றன. வீடு யாருடையது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் கல்யாணமானால் பெண்தான் போகிறவள். மேலப்பாளையத்திலிருந்து காயல்பட்டினம் ஒன்றும் அமெரிக்கா தூரம் இல்லை.

பதினைந்துக்குப் பதினொன்று போட்டேன்.

பிப்ரவரி 17

துறைத்தலைவர் கூப்பிட்டார். தேவமணி மேடம். இந்த நாவலை எனக்கு முந்தி அவர்தான் நடத்தினார், நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பிருந்தே. மேசையில் கமர் நிஷாவின் தாள்.

"இதுக்கு எப்படிம்மா பதினொண்ணு?"

இரண்டாம் அத்தியாயம் என்று வாய் வரை வந்தது.

"கேள்வி கேட்டது முக்கியத்துவம். இவ தப்புன்னு எழுதியிருக்கா. தப்புன்னு சொல்ல இவ யாரு?"

"ஆமா மேடம்."

பச்சை மையால் பதினொன்றை அடித்து நாலு ஆக்கினார். பிறகு, மார்ச்சில் ஒரு நாள் வந்து உன் வகுப்பில் உட்காருவேன், அதை வைத்துத்தான் அடுத்த வருடத்துக்கு நீட்டச் சொல்ல முடியும் என்றார். குரலில் கோபம் இல்லை. டீ குடிக்கிறாயா என்றுகூடக் கேட்டார். அதற்கும் ஆமா மேடம் என்றேன்.

பிப்ரவரி 19

தாள்களைக் கொடுத்தேன். கமர் நிஷா பச்சை மையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மிஸ், ரெண்டாம் அத்தியாயம் பாத்தீங்களா?"

தலையாட்டினேன்.

"இருந்துச்சா?"

தலையாட்டினேன்.

"சரி மிஸ்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். சத்தம் போடுகிறவள், சத்தம் போட்டிருக்கலாம்.

ஏன் வாயத் தொறக்கல நான்? பக்கம் தெரியும். வரி தெரியும். மேடம் கடிச்சா திங்கப்போறாங்க? டீ வேற குடிச்சிட்டு வந்திருக்கேன்— அந்தப் பிள்ளைக்கு நாலு மார்க்கு. சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? வேலை போயிருக்கும். சொல்லாட்டி மட்டும் நிக்குமா?

மார்ச் 4

நோன்பு மூன்று. தொண்டை வறண்டு இருக்கிறது. இருக்கிற குரலும் இல்லை. பின் பெஞ்சில் யாரும் "கேக்கல" என்று சொல்லவில்லை. இரக்கம்.

மார்ச் 11

மேடம் வந்தார். முன்னால் நாற்காலி போட்டிருந்தேன். அவர் நேராகப் பின் பெஞ்சுக்குப் போய் கமர் நிஷா பக்கத்தில் உட்கார்ந்தார்.

தயாரித்துக் கொண்டுபோனது பனியின் குறியீடுகள். வாய் திறந்தேன். காற்று வந்தது. இன்னொரு தடவை முயன்றேன்.

பின் பெஞ்சிலிருந்து, "கேக்கலம்மா."

மேடம்தான்.

யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம். சாக்பீஸை எடுத்தேன். பனி என்று எழுதத்தான் திரும்பினேன். கை எழுதியது: வீடு யாருடையது? ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். எழுதிய பிறகு திரும்ப தைரியம் இல்லாமல் கேள்விக்குறியை இன்னொரு தடவை போட்டேன்.

முதலில் ஸ்டெபிதான். "பென்டனோடது."

"இல்லைளா" என்று பின்னாலிருந்து கமர் நிஷா. மேடம் பக்கத்தில் இருப்பதை மறந்துவிட்டாள். "அவ வாப்பா கட்டுனது."

"கைடுல அப்படி இல்ல."

"கைடு எழுதுனவரு எந்த ஊரோ, யாருக்குத் தெரியும்?"

மேடம் என்னைப் பார்த்தார். வகுப்பு என்னைப் பார்த்தது. பதினொன்றும் நாலும் என்னைப் பார்த்தன.

"இரண்டாம் அத்தியாயம்" என்றேன். "ஆப்பிள் மரம் வர்ற பத்தி. வீடு அவ அப்பாவோடது. அவளுக்கு வந்தது. மிஸ்டர் பென்டன் அங்க வந்து சேர்ந்தவர். கமர் நிஷா எழுதினது சரி."

கேட்டது. எல்லோருக்கும் கேட்டது என்று தெரிந்தது, ஏனென்றால் வராந்தாவில் போன அட்டெண்டர் நின்றார்.

மேடம் கமர் நிஷாவிடம் நூலகப் பிரதியை வாங்கினார். கண்ணாடியை மாற்றினார். படித்தார். முன் பக்கத்தைத் திருப்பிப் படித்தார். மறுபடி அந்தப் பக்கம். நாங்கள் காத்திருந்தோம். நோன்பில் நேரம் எப்படிப் போகும் என்று நோற்பவர்களுக்குத் தெரியும்.

"அப்போ சொந்த வீட்டை விட்டுட்டு எதுக்குப் போனா?" மேடம்தான் கேட்டார். கேள்வி யாரை என்று தெரியவில்லை. புத்தகத்தைக் கேட்ட மாதிரி இருந்தது.

"அதான் நானும் கேக்கேன் மேடம்" என்றாள் கமர் நிஷா.

பொன்செல்வி எழுந்தாள். "மாட்டையும் விட்டுட்டு."

ஸ்டெபி கைடை மூடினாள். இந்த வருடத்தில் நான் பார்த்ததிலேயே பெரிய சம்பவம் அது. யோசித்து யோசித்துப் பேசினாள்.

"அவரை வெளிய போகச் சொன்னா, வேற எங்கயாவது போய் இப்படித்தான் பேசாம இருப்பாரு. இப்போ அவ வீட்டுல, அவ மேசையில, தனியா உக்காந்திருக்காரு. இனிமே யார்கிட்ட பேசாம இருப்பாரு?"

மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. மேடம் எழுந்து புத்தகத்தோடு போய்விட்டார். வகுப்பு எப்படி இருந்தது என்று என்னிடம் சொல்லவில்லை.

மார்ச் 14

மேடத்தின் குறிப்பு முதல்வருக்குப் போய்விட்டதாம். அலுவலகத்தில் பார்த்தவர் சொன்னார்: "ஆசிரியரின் குரல் போதாது." அதற்கு மேல் என்ன இருந்தது என்று அவருக்கு நினைவில்லை.

போதும். அதுவே போதும்.

மார்ச் 31

பெருநாள். பொன்செல்வி போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி இனி கிடைக்காதா என்று கேட்டாள். சிராஜுதீன் மாமாவும் வந்தார். வருகிற ஞாயிறு கடையநல்லூரிலிருந்து பார்க்க வருகிறார்கள். வாப்பா என்னைக் கேட்கவில்லை. கல்லூரியிலிருந்து தகவல் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 6

வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா, உம்மா, இரண்டு மாமிகள். மாப்பிள்ளை போனில்.

"பிள்ளை பேசாதோ?" என்றார் அந்த உம்மா.

"கூச்சம். நல்லாப் பேசுவா" என்றாள் என் உம்மா.

"அப்போ ஏதாவது கேளும்மா. எங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கிடணும்ல?"

எல்லோரும் இப்படிச் சொல்வார்கள். யாரும் கேட்பதில்லை. நான் தரையைப் பார்த்தபடி கேட்டேன்.

"வீடு யாரு பேர்ல இருக்கு?"

மாமா வட்டலப்பத்தை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் உம்மா மாப்பிள்ளையின் வாப்பாவைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"அது வந்து" என்றார். "என் பேர்லயும் இருக்கு. தம்பிமாரு ரெண்டு பேரு பேர்லயும் இருக்கு. தென்காசிக் கோர்ட்டுல இருக்கு. சீக்கிரம் முடிஞ்சிரும்."

மாமாவுக்கு இது தெரியாது. முகத்தில் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு வாப்பா நெடுநேரம் சட்டையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "கேசு நடக்குற வீட்டுக்கா பிள்ளைய அனுப்ப?" என்று மாமாவிடம் போனில் சொன்னார். வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது வாப்பா. கேட்டேன்."

"இப்படிக் கேக்கணும்னு யாரு சொல்லித் தந்தா?"

"பாடத்துல இருக்கு."

வாப்பா தலையாட்டினார். படித்த பிள்ளை, பாடத்தில் இருக்கும். கொஞ்சம் கழித்து, "நம்ம வீடு..." என்று ஆரம்பித்தார். அடுக்களையிலிருந்து உம்மா, "எம் பேர்ல" என்றாள். வாப்பா சட்டையை மாற்றப் போய்விட்டார்.

ஏப்ரல் 24

கடைசி வேலை நாள். அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தேன். தேவமணி மேடம் வாசலில் நின்றார்.

"எதுக்கு எல்லாத்தையும் எடுக்கே? கோடை லீவுல தூசிதானே விழும்."

புரியவில்லை. நின்றேன்.

"அந்த நாவலுக்குப் புது நோட்ஸ் வேணும். நான் வச்சிருக்கிறது பழசு. எழுதிட்டு வா. மாட்டையும் சேத்துக்க."

"மேடம், குரல் போதாதுன்னு..."

"போதாதுதான்" என்றார். "மைக் கேட்டு எழுதியிருக்கேன்."

போகும்போது திரும்பி, கமர் நிஷாவின் மார்க்கைப் பதினொன்றாகவே அனுப்பியிருப்பதாகச் சொன்னார். வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல.

வாப்பாவிடம் சொன்னேன். "அப்போ பஸ் பாஸையும் நீட்டணுமே" என்றார்.

ஜூலை 2

மைக் இன்னும் வரவில்லை.

காலையில் வராந்தாவில் கமர் நிஷா. இப்போது மூன்றாம் ஆண்டு. மே மாதம் கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன்.

"இருக்காரு மிஸ். எங்க வீட்டுலதான். நல்லாப் பேசுதாரு. ரொம்பப் பேசுதாரு." வகுப்புக்குத் தாமதமாகிவிட்டது என்று ஓடினாள். ரயில் இன்று சரியான நேரம்.

எனக்கு முதல் ஆண்டு. புதுப் பிள்ளைகள், மின்விசிறி ஓடுகிறது. ஒரு மணி நேரம் நடத்தினேன். பின் பெஞ்சிலிருந்து யாரும் "கேக்கல" என்று சொல்லவில்லை. தூங்குகிறார்களோ என்று பார்த்தேன்.

இல்லை.